450ஆ, 458ஆ, 50ஆ? மச்சானின் பெருவாய்த் துவக்கு

நல்லூர்த் தீர்த்தம் முடிந்து, மூடி வைத்த மீன்சட்டி மறுபடி அடுப்பேறிய அன்று மத்தியானம், மச்சான் விறாந்தையில் சாய்மனைக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டான்: "நீ இரும்போடை பழகிறனி. சொல்லு பாப்பம். 450 எடுக்கட்டோ, 458 எடுக்கட்டோ, 50 எடுக்கட்டோ?"

மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கேட்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மச்சான் என்றால் என் தங்கச்சியின் புருஷன். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் இருக்கிறான், அந்த நாட்டுக் குடியுரிமைகூட எடுத்துவிட்டான். மார்கழி பிறக்கும் நேரத்தில் மான் வேட்டைக்குப் போவான். இறைச்சியைத் துண்டு போட்டு உறைய வைத்து, சித்திரை வரைக்கும் சரக்குத்தூள் போட்டுக் கறி வைப்பார்கள். சின்ன வயதில் வன்னியில் அப்பப்பாவோடு பன்றிக் காவலுக்குப் பரணில் படுத்தவன், அந்த ருசி விடவில்லை. அவனிடம் ஏற்கெனவே ஏஆர்-15 வகை அரைத்தானியங்கித் துவக்கு, அதாவது விசையை இழுக்கும் ஒவ்வொரு தரமும் ஒரு வெடி போகும் வகை, ஒன்று உண்டு, 5.56 மில்லிமீற்றர் ரவை போடுவது. அதன் கீழ்ப்பாகத்தை வைத்துக்கொண்டு, பெரிய கலிபரில், அதாவது அகலமான குழல்வாயோடு, புதிய மேற்பாகம் பூட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. 450 புஷ்மாஸ்ரர், 458 சோகொம், 50 பெயோவுல்ஃப் என்ற மூன்று ரவைகளில் எதற்கு என்பதுதான் கேள்வி. இலக்கம் இஞ்சியின் பங்கு, 450 என்றால் ஏறக்குறைய 0.45 இஞ்சி. அங்கே சட்டப்படி "துவக்கு" என்று கணக்கில் வருவது இலக்கம் பொறித்த கீழ்ப்பாகம்தான். மேற்பாகத்தை உடுப்பு மாற்றுவதுபோல மாற்றலாம்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம், கொக்குவிலில் எனக்கொரு கடைச்சல் பட்டறை இருக்கிறது. தண்ணீர்ப் பம்பிக்கு அச்சுக் கடைவேன், உழவு இயந்திரத்துக்குப் புஷ் போடுவேன். துவக்குச் சுடத் தெரியாது. ஆனால் எந்தத் துவக்கு எப்படிச் சத்தம் போடும் என்பது, எங்கள் வயதில் இங்கே பிறந்த எல்லோருக்கும் போல, எனக்கும் வேண்டாத அளவுக்குத் தெரியும். சரி, இதைக் கணக்காக மட்டும் பார்ப்போம் என்று ஒரு கலண்டர்த் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தைத் திருப்பினேன்.

கணக்குக்கு முன் ஒரு விஷயம். இதை வாசிக்கும் தமிழர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்தத் தெரிவே கிடையாது. இங்கே இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. விவசாயிக்குக் கிடைக்கக்கூடியது பயிர்க்காவலுக்கான சொட்கன் அனுமதி, அதையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். லண்டனில் இருப்பவருக்கு இந்த வகை அரைத்தானியங்கி 1988ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போய்விட்டது. அவுஸ்திரேலியாவில் 1996இல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு கைவிட்டுப் போனது. ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் பெரியண்ணருக்கு 2020 மே முதலாம் திகதியோடு கதவு அடைபட்டது, ஏஆர்-15 உட்பட ஏறக்குறைய 1,500 மாதிரிகளைக் கனடா அன்று தடைசெய்தது. ஆகவே இது அமெரிக்காவில், அதிலும் சட்டப்படி துவக்கு வைத்திருக்கக் கூடியவருக்கான கதை.

மச்சானின் முகம் 50 பெயோவுல்ஃப் என்று சொல்லும்போது மட்டும் மலர்ந்தது. பெயரும் அப்படி, பழைய ஆங்கிலக் காவியத்து வீரன் பெயர். பட்டறையிலிருந்து இரண்டு துளையூசிகளை எடுத்து வந்து வாங்கில் வைத்தேன். ஒன்று ஐந்தரை மில்லிமீற்றர், மற்றது அரை இஞ்சி. "முதலாவது நீ இப்ப வைச்சிருக்கிறது. இரண்டாவது நீ ஆசைப்படுறது." பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது சின்னது பல்லுக்குத்தும் ஈர்க்குப்போல இருந்தது. தங்கச்சி தேத்தண்ணியோடு வந்தவள் அரை இஞ்சியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதாலை மானைச் சுட்டா கறிக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டாள். அது தவறான கேள்வி இல்லை, பிறகு வருகிறேன்.

அரை இஞ்சியில் இன்னொரு சங்கதியும் உண்டு. அமெரிக்க மத்திய சட்டத்தில் குழல்வாய் அரை இஞ்சிக்கு மேலே போனால், விளையாட்டுச் சொட்கன்கள் நீங்கலாக, அது "அழிவுக் கருவி" என்ற வேறு பட்டியலில் விழும். 50 பெயோவுல்ஃப் சரியாக அந்த வரம்பில் வந்து நிற்கிறது, தாண்டவில்லை.

இப்போது மூன்றின் பிறப்பு. ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கத் துவக்கு எழுத்தாளர், அரைத்தானியங்கிகள் சின்னச் சன்னம் (ரவையின் முனையிலிருந்து பறக்கும் உலோகத் துண்டு) போடுவதில் திருப்தி இல்லாமல், 44 கலிபருக்குக் குறையாத ஒன்று வேண்டும் என்று வெகுகாலமாகச் சொல்லிவந்தார். அந்த எண்ணத்தை டிம் லெஜென்ட்ர் என்பவர் 45 புரொபெஷனல் என்ற ரவையாக்கினார். அதைப் புஷ்மாஸ்ரர் நிறுவனம் எடுத்துக்கொள்ள, ஹோர்னடி நிறுவனம் வெடிமருந்து அடைக்கும் கோதைச் சற்றுக் கட்டையாக்கி 2007இல் 450 புஷ்மாஸ்ரர் என்று சந்தைக்கு விட்டது. 458 சோகொம் வேறு வழியில் வந்தது. 1993இல் சோமாலியாவின் மொகடிசுவில் 5.56 சன்னம் ஆளை நிறுத்தவில்லை என்று அமெரிக்கச் சிறப்புப் படையினர் குறைபட்டதிலிருந்து தொடங்கிய பேச்சு, மார்ட்டி டர் வீமின் கையில் ரவையானது. பெயோவுல்ஃப் பில் அலெக்சாண்டருடையது. பெயர் அவருடைய நிறுவனத்தின் வணிகக் குறி என்பதால், மற்ற ஆட்கள் அதையே 12.7x42 என்ற பெயரில் விற்கிறார்கள். கடையில் இரண்டு பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம்.

சன்னத்தின் எடையை அவர்கள் கிரெய்ன் என்ற அளவில் சொல்வார்கள். மச்சான் 250, 300, 335 என்று அடுக்கிக்கொண்டே போனான். எனக்குப் பிடிபடவில்லை. கிராமுக்கு மாற்றி, பிறகு பவுணுக்கு மாற்றினேன், எட்டுக் கிராம் ஒரு பவுண். அப்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் விளங்கியது. அவனுடைய இப்போதைய 5.56 சன்னம் அரைப் பவுணுக்கும் குறைவு. 450 போடுவது இரண்டு பவுண். 458 ஏறக்குறைய இரண்டே கால், இரண்டரை. 50 பெயோவுல்ஃப் இரண்டே முக்கால் பவுணுக்குக் கொஞ்சம் குறைய. "ஒரு வெடிக்கு ஒரு சங்கிலி" என்றாள் தங்கச்சி.

வேகம் எதிர்த்திசையில் போகிறது. 450இன் 250 கிரெய்ன் சன்னம் செக்கனுக்கு 2,200 அடி, அதாவது 670 மீற்றர் அளவில் குழலை விட்டு வெளியேறும். 458இன் 300 கிரெய்னும், பெயோவுல்ஃபின் 335 கிரெய்னும் 1,900 அடி, சுமார் 580 மீற்றர். இந்த இரண்டையும் வைத்து ஆற்றலைக் கணித்தால் 450க்குச் சுமார் 3,640 ஜூல், பெயோவுல்ஃபுக்கும் அதே 3,640 ஜூல், 458க்கு 3,260 ஜூல். மச்சான் தாளை வாங்கி இரண்டு தரம் பார்த்தான். பெருமூச்சு விட்டான். அரை இஞ்சிக்கும் அதைவிடச் சின்னதுக்கும் குழல்வாயில் ஒரே பலம் என்பது அவனுக்குப் பிடிக்கவில்லை.

சன்ன வகையை மாற்றினால் இந்த எண்கள் முன்னே பின்னே போகும்தான். பெயோவுல்ஃபில் 400 கிரெய்ன் போட்டால் அது மேலே போகும். ஆனால் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பலத்தை வைத்துத் தெரிவு செய்யப் பார்ப்பவர் விடிய விடிய இணையத்தில் உட்கார்ந்திருப்பார், முடிவு வராது.

பலம் ஏன் இப்படி ஒரே இடத்தில் வந்து நிற்கிறது? இங்கேதான் பட்டறைக்காரனுக்குப் பேச்சு வரும். மூன்றும் ஒரே சின்ன வீட்டுக்குள் குடியிருக்க வேண்டியவை. ஏஆர்-15 இன் ரவைக்கூட்டுக் குழி, ஆக நீளமாக 2.26 இஞ்சி ரவையைத்தான் ஏற்கும். ஆகவே நீளத்தைக் கூட்ட முடியாமல் எல்லோரும் அகலத்தைக் கூட்டினார்கள். அகலத்தைக் கூட்டினால், ரவையின் பின்னால் நின்று அடைக்கும் போல்ற்றில் இடி வரும். 5.56 கோதின் அடிவிளிம்பு 9.6 மில்லிமீற்றர். 450க்கும் 458க்கும் அது 12 மில்லிமீற்றர். போல்ற்றின் வெளிவிட்டம் மாறாது, முகத்தில் குடைந்த குழிவு மட்டும் பெருக்கும். பக்கத்துக்கு 1.2 மில்லிமீற்றர் இரும்பு குறைந்துபோகும். லேத்தில் புஷ் கடைபவனுக்குத் தெரியும், சுவர் அந்தளவு மெலிந்தால் சும்மா விடக்கூடாது என்று. அதனால்தான் அமுக்கத்தைக் குறைத்திருக்கிறார்கள். 5.56 சதுர அங்குலத்துக்கு 55,000 இறாத்தல் அளவில் ஓடும்போது 450க்கு 38,500, 458க்கு 35,000, பெயோவுல்ஃபுக்கு 33,000.

இதில் பெயோவுல்ஃப் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்திருக்கிறது. கோது மூன்றிலும் உடலைவிட அடிவிளிம்பு சிறுத்துத்தான் இருக்கும், பெயோவுல்ஃப் இன்னும் சிறுத்து 11.3 மில்லிமீற்றரில் நிறுத்திவிட்டது, 7.62x39 ரவையின் விளிம்புபோல. போல்ற்றில் இரும்பு கூட மிஞ்சும். இயந்திர வேலையாக மட்டும் பார்த்தால் எனக்குப் பிடித்தது அதுதான். மச்சானிடம் சொன்னேன், முகம் திரும்பவும் மலர்ந்தது. அவசரப்பட்டுவிட்டேன்.

உதையைப் பார்ப்போம். எடையை வேகத்தால் பெருக்கினால் தோளுக்கு வரும் தள்ளு ஓரளவு தெரியும். மருந்தின் பங்கைச் சேர்க்காமல் 5.56க்கு மூன்றரை என்று வைத்தால், 450க்கு 10.9, 458க்கு 11.3, பெயோவுல்ஃபுக்கு 12.6. அவன் பழகியதைப்போல மூன்று மடங்குக்கு மேல். மூன்றுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் சின்னது, ஆனால் பத்தாவது வெடியில் தெரியும். மானுக்கு ஒரு வெடி, இரண்டு வெடி. குறி பழக இருபது, முப்பது வேண்டும். தோள் நோகும் துவக்கை எடுத்துப் பழக மனம் வராது, பழகாதவன் மானைக் காயப்படுத்திவிட்டுக் காட்டுக்குள் இருட்டில் இரத்தத் தடம் தேடுவான். அவனுடைய முதல் வருடம் அப்படித்தான் போனதாம். அந்தக் கதையைச் சொல்லும்போது குரல் இறங்கியது.

இனி தங்கச்சியின் கேள்வி. பெரிய சன்னம் என்றால் இறைச்சி கூடச் சிதறும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் மெதுவாகப் போகும் கனத்த சன்னம் ஊடுருவிப் போகும். இறைச்சி இரத்தம் கட்டிக் கன்றிப்போவது வேகமான சின்னச் சன்னங்களில்தான் பெரும்பாலும் கூட. விலா எலும்புப் பக்கம் பட்டால் தொடையும் முன்சந்தும் சேதமில்லாமல் வரும். ஆனால் தூரம் போகப் போக இந்தக் கட்டைத் தடியன்கள் மூச்சிழந்துவிடும். 450இன் அந்த 250 கிரெய்ன் சன்னம் 100 யாரில் 1,830 அடி வேகத்துக்கும், 200 யாரில் 1,500 அடிக்கும் இறங்கிவிடும். 200 யாரில் மிஞ்சும் ஆற்றல் 1,700 ஜூல். அது 5.56 குழல்வாயில் வைத்திருக்கும் ஆற்றல். ஒகையோக் காட்டில் அவன் சுடுவது 60, 80 யாருக்குள். அவனுக்கு இது குறையே இல்லை. வெட்டவெளியில் 300 யார் சுட நினைப்பவர் இந்த மூன்றையும் விட்டுவிட்டு வேறு பக்கம் போகலாம்.

இவ்வளவும் கணக்குப் போட்ட பிறகுதான் மச்சான் ஒரு சங்கதியைச் சொன்னான், முதலிலேயே சொல்லியிருந்தால் கலண்டர்த் தாள் மிஞ்சியிருக்கும். ஒகையோவில் 2014 வரைக்கும் மானுக்கு ரைபிளே கொண்டுபோக முடியாது. சொட்கன், வாய்வழி மருந்திடும் துவக்கு இப்படித்தான். தட்டை நிலம், தோட்டத்துக்குத் தோட்டம் வீடு, ரைபிள் சன்னம் தப்பினால் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. 2014இல் அனுமதி கொடுத்தபோது ஒரு நிபந்தனையோடு கொடுத்தார்கள்: கோது நேர்ச்சுவராக இருக்க வேண்டும். கழுத்து ஒடுங்கிய போத்தல் வடிவம் கூடாது. போத்தல் வடிவக் கோது நிறைய மருந்தை அடைத்து ஒடுங்கிய வாயால் சன்னத்தை விரட்டும், நேர்ச்சுவர் அந்தளவுக்கு விரட்டாது. கலிபர் 0.357 இஞ்சியிலிருந்து 0.50 இஞ்சி வரை. ரவைக்கூட்டிலும் குழலிலும் சேர்த்து மூன்றுக்கு மேல் போடக்கூடாது.

458 சோகொம்மைக் கவனியுங்கள். அதன் கோது மேலே தோள்போன்ற ஓர் இடத்திலிருந்து மெல்லிதாக ஒடுங்கும். கொஞ்சம்தான், ஆனால் ஒடுக்கம் ஒடுக்கம்தான். நேர்ச்சுவர்க் கணக்கில் அது வராது. குழலின் பின்முனையில் ரவை அமரும் அறைக்குள் அது நின்று பிடிப்பதே அந்தத் தோளில். மற்ற இரண்டும் கோதின் வாய் விளிம்பில் நிற்கின்றன. இயந்திர வேலையில் தோளில் நிறுத்துவது நல்ல பழக்கம் என்பேன், சட்டத்துக்கு அது தெரியுமா?

458இன் பெரிய வசதிகளும் ஒகையோவில் பல்லிழந்து போகின்றன. 5.56இன் சாதாரண ரவைக்கூடே அதற்குப் போதும், 30 கொள்ளும் கூட்டில் இது 10 கொள்ளும். மூன்று மட்டும் போடு என்கிற இடத்தில் பத்தை என்ன செய்வது? இன்னொன்று, 458க்கு 250 கிரெய்னிலிருந்து 600 கிரெய்ன் வரை சன்னம் உண்டு. 600 என்றால் 39 கிராம், ஐந்து பவுணுக்குக் கொஞ்சம் குறைய. அதை ஒலியின் வேகத்துக்குக் கீழே மெதுவாக அனுப்பி, சத்தம் குறைக்கும் குழாயும் பூட்டினால், ரெக்சாஸில் இரவுப் பன்றி வேட்டைக்கு அதற்கு ஈடு இந்த மூன்றில் இல்லை. மச்சானுக்கு ரெக்சாஸில் ஒரு கூட்டாளி இருக்கிறான், அங்கே பன்றி வயலைக் கிண்டிக் கிடக்கும் படத்தைக் காட்டினான். அப்பப்பாவின் வயலைப் போலவே இருந்தது. நீங்கள் ரெக்சாஸ்காரர் என்றால் நான் யோசிக்காமல் 458 என்பேன். மச்சான் அங்கே போவது மூன்று வருடத்துக்கு ஒருக்கா.

மிஞ்சுவது 450உம் பெயோவுல்ஃபும். சட்டம் இரண்டையும் விடும். பலம் ஒன்று. போல்ற் விஷயத்தில் பெயோவுல்ஃப் மேல், உதையில் 450 மேல். அப்புறம் கடையைப் பார்க்க வேண்டும். 450க்கு ஹோர்னடி, ஃபெடரல், ரெமிங்டன், வின்செஸ்ரர் என்று பெரிய ஆட்கள் எல்லோரும் ரவை போடுகிறார்கள், அவனுடைய ஊரில் வேட்டைச் சாமான் கடைக்குப் போனால் தட்டில் இருக்கும். பெயோவுல்ஃப் பெரும்பாலும் சின்ன நிறுவனங்களின் கையில், இணையத்தில் சொல்லி வைத்து, விலையும் கூடக் கொடுத்து எடுக்க வேண்டும். பட்டறையில் நான் கற்ற பாடம் இது: எவ்வளவு நல்ல பம்பியானாலும் அதன் சீல் யாழ்ப்பாணத்தில் கிடைக்காது என்றால், வெயில் காலத்தில் அது வெறும் இரும்பு. கொழும்பிலிருந்து சீல் வரும் வரைக்கும் வெங்காயம் காத்திருக்காது. துவக்கால் மான் சுடும் பருவமும் ஒரு கிழமை சொச்சம்தான்.

450க்கும் குறை இருக்கிறது. அதற்கென்று, ரவையை மேலே தள்ளும் உள்தாங்கி மாற்றிய ரவைக்கூடு வேண்டும், அவனிடம் இருக்கும் கூடுகள் சரிவராது. போல்ற்றும் அந்தக் குழலோடு சேர்த்து ஒரே இடத்தில் வாங்கியதாக இருந்தால் நல்லது. அங்கொன்று இங்கொன்று மலிவாகப் பொறுக்கிப் பூட்டுவதை இந்த அளவு மெலிந்த சுவரில் நான் விரும்ப மாட்டேன். தானே தேடித் தேடிச் சேர்ப்பதுதான் அவனுக்குச் சந்தோஷம் என்று தெரியும். இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியாக ஒரு பக்கவாட்டு யோசனையும் வைத்தேன், அவன் கேட்காமலே. 350 லெஜெண்ட் என்று வின்செஸ்ரர் 2019இல் விட்ட ரவை, இந்தப் பெருவாய்க் கூட்டத்தில் சேராது, ஆனால் நேர்ச்சுவர். 150 கிரெய்ன் சன்னம், 2,440 ஜூல் அளவு, உதை 450இல் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அடிவிளிம்பும் 5.56 அளவுதான், ஆகவே போல்ற்றைக் குடையும் கதையே இல்லை. 80 யாரில் ஒரு மானுக்கு அது தாராளம். "அது பொம்பிளையளுக்கும் பெடியளுக்கும்" என்றான். உள்ளேயிருந்து தங்கச்சி ஒரு சத்தம் போட்டாள், அந்த வசனத்தை அவன் முடிக்கவில்லை.

முடிவு 450 புஷ்மாஸ்ரர் என்றுதான் ஆனது. அரை மனதோடு. துளையூசியைத் திரும்பப் பட்டறைக்கு எடுத்துப் போகும்போதும் அவன் கண் அந்த அரை இஞ்சியில்தான் இருந்தது. வாங்குவதற்கு முன்னால் யாரிடமாவது இரவல் வாங்கிச் சுடுதளத்தில் இருபது வெடி போட்டுப் பார், தோள் சம்மதித்தால் வாங்கு என்றேன். சரி என்றான்.

தங்கச்சிக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. வீட்டில் ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள். முதலில் இரும்புப் பூட்டுப்பெட்டி வீட்டுக்கு வர வேண்டும், சுவரில் போல்ற் அடித்து இறுக்க வேண்டும், ரவை வேறு பெட்டியில், வேறு அறையில். பிறகுதான் மற்றக் கதை. அளவு சொல்லி என்னிடம் ஆணிக் கணக்குக் கேட்டாள், அரை இஞ்சி விரிவாணி நான்கு போதும் என்றேன்.

போன கிழமை காணொளியில் காட்டினார்கள். பெட்டி வந்து பூட்டியாகிவிட்டது. உள்ளே பழைய 5.56 மட்டும் நிற்கிறது, பக்கத்துத் தட்டு வெறுமை. மச்சான் இன்னும் இரவல் துவக்குக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறான்.